லஸ்கர் தாண்டிய வாய்க்கால்கள்

எங்கள் லஸ்கர் படங்கள் ஆறிலும் கடைசிக் காட்சி ஒன்றுதான். தண்ணீர் திருடியவன் ஓடுவான், லஸ்கர் துரத்துவார், குறுக்கே வாய்க்கால் வரும், ஒரே தாவாகத் தாவி அவன் சட்டையைப் பிடிப்பார்.

ஆற்றிலும் வாய்க்காலிலும் மதகைத் திறந்து மூடும் ஊழியரை எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்போம். அவர் ஊர் வழக்குகளைத் துப்பறிந்தால் எப்படியிருக்கும் என்று பாபநாசத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரருக்குத் தோன்றியது. அரை மணி நேரப் படங்கள். இணையத்தில் ஏற்றுவோம். ஊரில் இருப்பவர்களைவிட, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள்.

லஸ்கராக நடித்தவர் என் மனைவியின் அண்ணன். நாலு ஏக்கர் நெல் விவசாயி. முதல் பாகத்தில் அவருக்கு நாற்பத்தைந்து வயது. காக்கிச் சட்டையோடு சைக்கிளில் கரைமேல் வந்தால், நிஜ லஸ்கரே ஒதுங்கி வழிவிடுவார்.

நான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது ஒரு தவறினால். இரண்டாம் பாகத்தில் துரத்தலின் முதல் பாதியை எடுத்தபோது நடவு முடிந்து பத்து நாள். பிறகு முகூர்த்த மாதம் வந்து, ஸ்டுடியோக்காரர் கல்யாணம் கல்யாணமாகப் போய்விட்டார். மீதியை எடுத்தபோது கதிர் தலை சாய்ந்திருந்தது. படத்தில் திருடன் இளம்பயிருக்குள் ஓடத் தொடங்கி, அறுவடைக்கு நிற்கும் வயலில் பிடிபட்டான். இத்தனை நாள் ஓடியவன் போகிற போக்கில் களையும் எடுத்திருக்கலாமே என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே இருப்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு நீள நோட்டைக் கொடுத்து என்னை உட்கார வைத்தார்கள். தேதி, கிழமை, பயிரின் உயரம், லஸ்கர் சட்டையில் எந்தப் பொத்தான் போடவில்லை, எல்லாம் எழுதுவேன். யாரும் கேட்காத ஒரு கட்டத்தையும் நானாகச் சேர்த்தேன்: தாண்டிய வாய்க்காலின் அகலம். எனக்கு முந்திய பாகங்களுக்காக டேப்பை எடுத்துக்கொண்டு பழைய இடங்களுக்குப் போய் அளந்து வந்தேன்.

ஏழாம் பாகத்துக்கான பேச்சு ஒரு சித்திரையில் தொடங்கியது. லஸ்கருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பவர்கள் எழுதுவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். ஆளை மாற்றலாம் என்பது அவர் எண்ணம். கடைத்தெருவில் உடற்பயிற்சிக்கூடம் வைத்திருக்கும் முப்பது வயதுக்காரர் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் கூடி முடிவெடுப்பதாக ஏற்பாடு.

ஒரு நடிகர் தொடர்படத்தின் நாயகன் வேடத்தில் எத்தனை காலம் நீடிக்கலாம் என்பதைப் பற்றி டீக்கடையில் நான் பேசாத வாரமில்லை. கிடைத்ததையெல்லாம் படித்து ஒரு கொள்கையே வைத்திருந்தேன்: போதும் என்று ரசிகன் சொல்வதற்கு ஒரு பாகம் முன்னால் விலகிவிட வேண்டும். அந்த நடிகர்கள் யாரும் என் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறவர்கள் இல்லை என்பதால் கொள்கை சௌகரியமாகவே இருந்தது.

ஞாயிறு காலை மச்சான் வந்தார். காபியை வாங்கி, ஆற்றி ஆற்றி, குடிக்காமலே வைத்திருந்தார்.

"மாப்ள, அந்த நோட்ட இன்னிக்கி எடுத்துட்டு வர வேணாம்."

"ஏன் மச்சான்?"

"வேணாம்னா வேணாம். விசாரணை பண்றீங்களே, நீங்க என்ன தாசில்தாரா?"

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "உங்க நோட்டு சொல்லித்தான் எங்கண்ணனுக்கு வயசாகணுமா?"

ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். அதை விட்டுவிட்டுப் போனால் அன்றைய தேதிக்கு நான் பொய் எழுதியவனாவேன் என்று தோன்றியது.

ஸ்டுடியோக்காரர் நோட்டை வாங்கி, வாய்க்கால் அகலம் எழுதிய கட்டத்தை உரக்கப் படித்தார். பதினோரு அடி. ஒன்பதரை. எட்டு. ஆறு. ஐந்து. ஆறாம் பாகத்துக்கு மூன்றே முக்கால். அது வாய்க்காலே இல்லை. வயலுக்குத் தண்ணீர் பாய வரப்பில் வெட்டிய மடை. கேமராவைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து எடுத்ததால் படத்தில் ஆறுபோலத் தெரிந்தது. உடற்பயிற்சிக்கூடக்காரர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார். மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பாகத்து வாய்க்காலிலேயே இந்தத் தடவையும் எடுக்கலாம், முடியாவிட்டால் அன்றைக்கே காக்கிச் சட்டையைக் கழற்றி அந்த முப்பது வயதுக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதுவரை திருடன் வேடம் உடற்பயிற்சிக்கூடக்காரருக்கு.

அதற்கப்புறம் மச்சான் என்னோடு பேசவில்லை. அவர் தினமும் சாயங்காலம் அந்த வாய்க்கால் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார் என்று மனைவி வழியாகத் தெரிந்துகொண்டேன். சொல்லும்போது அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

படப்பிடிப்பு ஆடியில். வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடியது. அளந்தேன். கரை அரித்து, பதினோரு அடி பன்னிரண்டாகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஊரே திரண்டிருந்தது; என் மனைவி ஒரு துண்டோடு வந்திருந்தாள், அண்ணனைத் துவட்ட.

திருடன் ஓடிவந்து, மான்போலத் தாவி அக்கரையில் நின்றார். கூட்டம் கைதட்டியது. பின்னால் மச்சான் ஓடிவந்தார். கரை விளிம்புவரை வந்து நின்றார். தண்ணீரைப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர் கேமராவை நிறுத்த மறந்துவிட்டார். மச்சான் வலப்பக்கம் திரும்பி, தன் வயலைப் பார்க்கப் போகும் அதே நடையில், கரையோடு நடந்து மதகுப் பாலத்துக்குப் போனார். பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அக்கரை ஒரு திட்டு; தாழ்வானது, அங்கிருந்து இந்தக் கரைக்குத் திரும்பத் தாவ முடியாது. இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் நிறைந்து ஓடும் ஆறு. வெளியே வர அந்த ஒரு பாலம்தான் வழி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் பாகத்தை இங்கேயே எடுத்தபோதும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. திருடன் ஆற்றுப் பக்கம் ஓடினார், திரும்பினார், கீழ்க்கோடிவரை போய்ப் பார்த்தார். பாதி நடிப்பு, பாதி நிஜமான திகைப்பு. கடைசியில் பாலத்துக்கே வந்து சேர்ந்தார்.

"வாப்பா," என்றார் லஸ்கர். "தண்ணி திருடத் தெரிஞ்சவனுக்கு, தண்ணி எங்க சுத்திட்டுப் போவுதுன்னு தெரியலையே."

ஊர் சிரித்த சிரிப்பு படத்திலும் பதிவாகியிருக்கிறது. நீக்கவில்லை. உடற்பயிற்சிக்கூடக்காரர் பாலத்திலேயே, அடுத்த பாகத்திலும் தனக்குத் திருடன் வேடமே போதும் என்று சொல்லிவிட்டார்.

இதை ஏன் முதல் பாகத்திலேயே சொல்லவில்லை என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார்.

"அப்ப தாவ முடிஞ்சிச்சு," என்றார் மச்சான். "முடியறப்ப எவன் யோசிக்கிறான்?"

என் கொள்கையை அதற்கப்புறம் டீக்கடையில் எடுக்கவில்லை. விலக வேண்டியிருந்தது தாவல்தான். ஆளையே விலக்கப் பார்த்தோம்.

காக்கிச் சட்டையோடே அவர் என்னிடம் வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். அகலம் என்ற கட்டத்தில் 'பாலம்' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"இன்னிக்கி அளந்தீங்கல்ல? எவ்வளவு?"

"பன்னெண்டு அடி மச்சான்."

"அதையும் எழுதுங்க. எவ்வளவ நான் தாண்டலங்கிறதும் இருக்கட்டும்."

எழுதினேன். அவர் தேதியைச் சரிபார்த்துவிட்டு, என் மனைவி கையிலிருந்த நனையாத துண்டை வாங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.