மஸ்கட்டுக்குப் போன குறுஞ்செய்தி

ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் உட்காருகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. ஃபோன் நம்பர் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் கையில் இருக்கிற ஃபோனின் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் எண்ணையோ கணவன் எண்ணையோ மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அவர்களுக்கு அதுதான் வீட்டு நம்பர். வாதாடி அலுத்துப்போய் நானும் அதையே ஏற்றிவிடுவேன். பேர், வயது, விலாசத்தோடு அந்த எண்ணும் கம்ப்யூட்டரில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது.

போன வருடம் இந்த விவரங்களையும் டாக்டர்களின் சிகிச்சைக் குறிப்புகளையும் ஒன்றாக இணைத்தார்கள். சோதனை முடிவு வந்தாலும், ஸ்கேனுக்கு நாள் நெருங்கினாலும் இனி தானாகவே குறுஞ்செய்தி போகும். முன்னதாக எண்களைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. இலக்கம் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். யாருடைய எண் என்று பார்க்கவில்லை.

இணைத்த மறுநாள் துபாயிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"ஏழாம் மாச ஸ்கேனுக்கு வரணும்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு. லீவு போடணுமா?"

மனைவிக்குப் போக வேண்டிய செய்தி. நானும் பக்கத்து மேசைக்காரியும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரிப்பின் நடுவிலேயே எனக்குச் சுருக்கென்றது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு மார்பில் கட்டி. முந்தின வாரம்தான் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மக்களே, எனக்க மவனுக்குத் தெரியப்பிடாது, கேட்டியா? தெரிஞ்சா சோலிய விட்டுட்டு ஓடி வந்துருவான். அது கிடைக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்."

ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவள் நான். அவர் பதிவைத் திறந்தேன். மஸ்கட் எண். சோதனை முடிவு தயார் என்று, கட்டி என்ற வார்த்தையோடு, காலையிலேயே போயிருந்தது.

மேசை ஃபோன் அடித்தது. மகன்தான்.

"அக்கா, எனக்க அம்மைக்கு என்ன? மறைக்காதீங்கக்கா." குரல் உடைந்திருந்தது.

முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. அந்த அம்மா அப்போது டாக்டர் அறைக்குள் இருந்தார். "கட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாத சாமியில்லை.

கதவு திறந்தது. வாயெல்லாம் பல்லாக வந்தார். "பயப்பட ஒண்ணும் இல்லியாம் மக்களே! வெறும் கொழுப்புக் கட்டியாம்!"

நான் ரிசீவரை அவரிடம் நீட்டினேன்.

"ஏலே, நீ எதுக்குலே அழுத?" என்று ஆரம்பித்தவர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டிக் கதை முடிந்து, புதுக் கூரை, அண்டை வீட்டுக் கல்யாணம், அவன் அங்கே என்ன சாப்பிடுகிறான் என்று பேச்சு நீண்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அன்று நான் யார்மீதும் எரிந்து விழவில்லை.

அவர் ஃபோனை வைத்ததும், "தப்பு என் மேலதான், மன்னிச்சிருங்கம்மா. உங்க நம்பரச் சொல்லுங்க, இப்பவே மாத்திருதேன்" என்றேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாத்தாண்டாம் மக்களே. மாசத்துக்கு ஒருக்க, நல்லாருக்கியாம்மான்னு கேட்டுட்டு வைக்கவன், இன்னைக்கு அர மணிக்கூறு பேசுனான். வாரத்துக்கு ஒண்ணு இப்பிடி அனுப்ப முடியாதா?"