ஒரே பெயரில் வந்த இரண்டு சான்றிதழ்கள்

ஒரு வெல்டரின் பெயரைத் தட்டினேன். திரையில் வேறொருவரின் சான்றிதழ் வந்து நின்றது. அது ஒரு திங்கட்கிழமைக் காலை.

சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் அலுவலகத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் சான்றிதழ்களை இணையப் பக்கத்தில் ஏற்றுவது என் வேலை. உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். எது கெட்டாலும் என்னால்தான் கெட்டது என்று தோன்றும். ஏற்றியதையெல்லாம் மறுபடி மறுபடி திறந்து பார்ப்பேன். அந்தப் பக்கத்தை எழுதியவர், ஜோகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக வரும் அக்கா. "விட்டா கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பார்ப்பீங்க லா தம்பி" என்பார்.

நடந்தது இதுதான். கீழே இருந்த நகல் கடையின் இயந்திரம் தினமும் காலையில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். முதலில் போகிறவரின் கோப்புக்கு எப்போதும் 'ஸ்கேன் 1' என்றே பெயர். வெல்டருடையதும் அப்படித்தான் வந்திருந்தது. அன்று நான் ஏற்றிய இன்னொருவருடையதும் அப்படியே. பக்கம் புதிது. கோப்புகளை வந்த பெயரிலேயே ஒரே இடத்தில் போட்டுவைத்தது. தரவுத்தளத்தில் ஆளுக்கொரு வரி இருந்தும், இரண்டு வரிகளிலும் அதே பெயர். பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். வியாழக்கிழமை வெல்டரே போன் செய்தார். புதிய இடத்தில் சேரச் சான்றிதழ் வேண்டும். அசல், விடுதி மாறும்போது தொலைந்துவிட்டதாம். அதன் பிறகுதான் அக்காவிடம் சொன்னேன்.

"அழிஞ்சதோட பேக்கப் காப்பி ரெண்டு நாளைக்குத்தான் நிக்கும் தம்பி. போச்சு." திரையில் எதையோ திறந்து பார்த்துவிட்டு, "எப்பப் பார்த்தீங்க?" என்றார்.

"இன்னைக்குத்தான்க்கா."

அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு பூன் லே போனார். வெல்டரின் விடுதி வாசலில் நின்று, "தப்பு என்னோடதுண்ணே. நான் எழுதுன பக்கம்தான் அழிச்சிருச்சு. தம்பி மேல ஒண்ணும் இல்ல. நகல் தர மாட்டாங்களாம், மறுபடி கிளாஸ் போய்த்தான் வாங்கணும்" என்றார்.

"மறுபடி மூணு நாள் கிளாஸா? போன தடவையே தூங்கிட்டேன்" என்று வெல்டர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அதுக்குள்ள என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துற மாட்டாங்களே?" என்றார்.

கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வேறு வேலை கிடைக்க ஒரு மாதமாயிற்று.

அக்கா பக்கத்தைத் திருத்தினார். இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் தரவுத்தளமே தனி எண் தருகிறது. வந்த பெயர் அந்த எண்ணுக்கு அருகில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் பார்த்த வேலைகளை நான் பார்க்க வேண்டி வந்தபோதுதான், யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார்கள் என்ற பட்டியல் ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்தது தெரிந்தது. வெல்டரின் கோப்புக்கு எதிரே: திங்கள், காலை பத்து நாற்பது, என் பெயர். என்னிடம் கேட்பதற்கு முன்பே அக்கா அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெல்டரைத் தேடி மறுபடி பூன் லே போனேன். தனியாக.