குளத்துக்குப் போட்ட உரம்

கல்யாணமாகித் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வந்தபோது, அப்பா நமுனுகுலவிலிருந்து ஒரு சிவலைப் பசுவையும் ஓட்டிவந்து, வரிசை அறைகளான எங்கள் லயத்தின் பின்னால் கட்டிவிட்டுப் போனார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்களுக்கு வோட்டும் இல்லை, நிலமும் இல்லை. எனக்குப் பசு இருந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது அதன்மேல் இருந்த பிரியம் புருஷன்மேல்கூட இல்லை.

குடிக்க, மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர் இருந்தது. துணி துவைக்க, குளிக்க, மாடு குடிக்க லயத்துக்குக் கீழே ஒரு சின்னக் குளம். அந்த வருஷம் மழை விட்டதும் குளம் பச்சையாகிவிட்டது. பாசி மூடி, நாற்றமெடுத்து, மீன்கள் செத்து மிதந்தன. என் தொழுவத்துக் கழிவு ஓடும் கான் குளத்தில்தான் போய் விழுந்தது. பழி மாட்டின்மேல் விழ வேறென்ன வேண்டும்?

“மாட்டை விக்கச் சொல்லுங்க கங்காணி. எங்க புள்ளைங்க சொறி புடிச்சுத் திரியுதுங்க” என்றார் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த அக்கா. அவர் குரல் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

“கொஞ்ச நாளைக்கு மாட்டை அப்பா வீட்டுக்கு அனுப்பும்மா. கொளம் தெளிஞ்சு அப்படியே இருந்தா வித்துரு” என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

அனுப்பினேன். பசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அக்கா பார்க்காத இடமாகப் போய் அழுதேன்.

குளம் மெல்லத் தெளிந்தது. அக்கா தலை நிமிர்த்தி நடந்தார்.

அப்புறம் தேயிலைக்கு உரம் போட்டார்கள். காலிச் சாக்கு கிடைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். கொழுந்து பறிக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் படங்குக்கு அதைவிட நல்லது கிடையாது. உரம் ஒட்டியிருந்தால் தோல் எரியும் என்பதால், எல்லாப் பெண்களும் வழக்கம்போல் குளத்துக் கல்லில் போட்டு அலசினோம். கொஞ்ச நாளில் அந்தக் கல்லைச் சுற்றித்தான் முதலில் பச்சை கட்டியது. பிறகு குளம் முழுக்க.

“இப்ப எந்த மாடுங்க அக்கா வந்து மூத்திரம் பேஞ்சுச்சு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினார்.

செடியைத் தழைக்க வைக்கிற உரம் தண்ணீரில் போனால் பாசியைத் தழைக்க வைக்காமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து சாக்கைத் தகர வாளியில் அலசி, அந்தத் தண்ணீரைக் காய்கறிப் பாத்தியில் ஊற்றினோம். என் மாடும் சுத்தமில்லைதான். அதனால் சாணிக்குக் குழி வெட்டி, தொழுவத்துக் கானை என் போஞ்சிப் பாத்திக்குத் திருப்பிய பிறகே பசுவைக் கூட்டிவந்தேன்.

அடுத்த மழைக்குப் பின் குளத்தில் அடிமண் தெரிந்தது. என் போஞ்சிக் கொடி கொம்பு தாண்டி ஏறியது. வேலியோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா.

“ஏம்மா, அந்தக் கானை எங்க பாத்திக்கும் கொஞ்சம் திருப்பி விடேன்.”

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். வெட்டி முடிக்கும்வரை கூடவே நின்றவர், போகும்போது பசுவின் நெற்றியைத் தடவினார்.

“இனி இதை எங்கயும் அனுப்பிறாத” என்றார்.