அணை நிலவரத்துக்குக் கீழே இந்தியா வெற்றி

பகுதி நேர நிருபர் என்று பெயர்தானே தவிர, முழு நேரமும் ஏச்சு வாங்குகிற உத்தியோகம் இது. செய்தி வந்தால் "எங்க பேரை ஏன் விட்டீங்க?" வராவிட்டால் "யாரு சொல்லி அமுக்கினீங்க?" மன்னார்குடிப் பக்கம் ஒரு ஸ்கூட்டியை வைத்துக்கொண்டு தேர்த் திருவிழா, சாலை மறியல், வாய்க்கால் தூர்வாரல் என்று அலைந்துகொண்டிருந்தவள் நான். விளையாட்டுப் பக்கத்தில் தலைவைத்துப் படுத்தது கிடையாது. அப்படிப்பட்டவள் தலையில் பெண்கள் கால்பந்து வந்து விழுந்த கதையை, என்னைப் போலவே எங்கேயோ அல்லாடிக்கொண்டிருக்கும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கதானே பேப்பர்

சேந்தங்கரை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புறம்போக்குத் திடல். சாயங்காலமானால் ஊர்ப் பெண் பிள்ளைகள் அங்கேதான் பந்து உதைப்பார்கள். அறுவடை வந்தால் கொள்முதலுக்குக் கொண்டுவந்த நெல் அதே திடலில் குவிந்து கிடக்கும். அப்போது பிள்ளைகள், அறுவடை முடிந்த வயலில், குத்துகிற அரிதாள்மேல், அடுத்த உழவு வரைக்கும் ஓடுவார்கள். இந்த வருஷம் திடலில் சிமென்ட் தளம் போட்டு, கொட்டகை கட்டி, நிரந்தரக் கொள்முதல் நிலையமாக்கிவிடலாம் என்று பேச்சு. ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் தீர்மானம். விவசாயிகளையும் குறை சொல்ல முடியாது, மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லைப் பார்த்து வயிறெரிந்தவர்கள். ஆனால் தளம் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தாட வேறு இடம் இல்லை.

அந்தத் திடலில் ஆடிப் பழகியவள்தான் செந்தமிழ்ச்செல்வி. இப்போது இந்தியப் பெண்கள் அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறாள். ஆமாம், இந்திய அணி! கேள்விப்பட்ட அன்று எனக்கே புல்லரித்தது. நேரே ஊராட்சித் தலைவரிடம் போய், "இந்தியாவுக்கு ஆடுற பொண்ணைக் கொடுத்த திடல் சார், கொஞ்சம் யோசிங்க" என்றேன். அவர் பைக்கை நிறுத்தாமலேயே சொன்னார்: "இந்தியாவுக்கு ஆடுறதுன்னா சும்மாவாம்மா? ஆடியிருந்தா பேப்பர்ல வந்திருக்காதா? நீங்கதானே பேப்பர், நீங்களே போடலையே!"

விரலுக்கு வந்த வாழ்வு

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். செல்வியின் அப்பா கலியபெருமாள் குத்தகைக்கு உழுகிறவர், அம்மா அஞ்சம்மாள் நடவுக்குப் போகிறவர், பெண் வெளிநாட்டில் ஒரு போட்டித் தொடருக்காக இந்திய அணியோடு விமானம் ஏறியிருக்கிறாள் என்று எல்லாம் விவரமாக. மறுநாள் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டினேன். ஒரு வரி இல்லை.

திருச்சி அலுவலகத்தில் எங்கள் பக்கத்தைப் பார்க்கிற உதவி ஆசிரியர் ராகவனுக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன், ஆனால் இடம் என்று கேட்டால் மட்டும் சொத்தில் பங்கு கேட்டதுபோல் பதறுவார். "விளையாட்டுப் பக்கத்துல கேட்டுப் பாத்தேன்க்கா" என்றார். அந்தப் பக்கத்தை நான் கையில்தான் வைத்திருந்தேன். யாரோ ஒரு கிரிக்கெட் வீரருக்குப் பயிற்சியில் விரல் வீங்கிவிட்டதாம், விரலுக்கு மட்டும் தனியாக ஒரு படம். பெண்கள் அணி ஆடுவதாக அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. "ஒரு விரலுக்கு அவ்வளவு இடம், பதினோரு பொண்ணுங்களுக்கு நாலு வரி கிடையாதா ராகவன்?" என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "அக்கா, அந்த விரலை நாட்டுக்கே தெரியும். உங்க பொண்ணை உங்க ஊர்த் தலைவருக்கே தெரியல."

வரப்பில் நேரலை

குறுவை நடவு நேரம். செல்வி ஆடுகிற ஆட்டம் எந்த டிவியிலும் இல்லை. செல்போனில் ஏதோ ஒரு சேனலில் காட்டுகிறார்கள் என்று தெரிந்து, பகல் பதினொரு மணிக்கு அஞ்சம்மாள் நடவு நட்டுக்கொண்டிருந்த வயலுக்கே போய்விட்டேன். சிக்னல் ஒழுங்காகக் கிடைத்தது வரப்பின் ஒரு மூலையில் மட்டும்தான். அங்கே நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நடவுப் பெண்கள் அத்தனை பேரும் சேற்றோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். வர்ணனை என்று ஒன்றும் இல்லை. காற்றுச் சத்தமும் விசில் சத்தமும்தான்.

முதல் பாதி முழுக்க நம் பெண்கள் எதிரணியின் கோல் பக்கமே முற்றுகை போட்டு ஒரு கோலும் அடித்துவிட்டார்கள். கேமரா பந்தோடு போய்விட்டது, செல்வி படத்திலேயே இல்லை. "எம் பொண்ணு எங்கம்மா?" என்று அஞ்சம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பந்து நம் பக்கம் வந்தால்தான் அவள் தெரிவாள் என்று சொன்னேன். இரண்டாவது பாதியில் வந்தது. நம் கோல் கீப்பரைத் தாண்டிப் பந்து கோல் கோட்டை நோக்கி உருள, எங்கிருந்தோ ஒருத்தி சறுக்கிக்கொண்டு வந்து, கோட்டின் மேலிருந்தே அதைக் காலால் வெளியே தள்ளினாள். எழுந்தாள், சாக்ஸை இழுத்துவிட்டாள், பக்கத்தில் நின்றவளை ஒரு அதட்டுப் போட்டாள், படத்தை விட்டு ஓடிப் போனாள். அவ்வளவுதான். வயலில் கிளம்பிய கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதிலென்ன வெட்கம். அஞ்சம்மாள் மட்டும் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்தபடி குழம்பிப்போய் நின்றார். "பந்து இந்தப் பக்கம் வந்தாத்தான் எம் பொண்ணு தெரியறா. வந்தா கோல் விழுந்துடும்னு பயமாவும் இருக்கு. நான் இப்ப வரணும்னு வேண்டிக்கவா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கவா, நீங்களே சொல்லுங்க."

பெட்டிக்கு அடியில்

ஒன்றுக்குப் பூஜ்யம், இந்தியா வெற்றி. விடாமல் ராகவனை நச்சரித்தேன். அன்றைக்கு என்ன அதிர்ஷ்டமோ, எங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்ன விளம்பரம் கடைசி நிமிஷத்தில் வராமல் போனது. அது எங்கே தெரியுமா? மேட்டூர் அணை நிலவரம் போடுகிற பெட்டிக்கு நேர் கீழே. அந்த ஓட்டையை அடைக்க, "பெண்கள் கால்பந்து: இந்தியா வெற்றி. கோல் விழாமல் காத்தார் சேந்தங்கரை செந்தமிழ்ச்செல்வி" என்று போட்டுவிட்டார்.

டெல்டாவில் பேப்பர் வாங்குகிற எவரும் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். நீர்மட்டம், வரத்து, திறப்பு. தலைப்புச் செய்தியெல்லாம் அதற்கப்புறம்தான். அணையைப் பார்த்த கண் தன்னால் கீழே இறங்குமா இல்லையா? காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. அடுத்த ஆட்டத்தின் முடிவையும் ராகவன் அதே இடத்தில் போட்டார், அதற்கடுத்ததையும் போட்டார். திருவாரூரிலிருந்து முகம் தெரியாத ஒரு விவசாயி உரிமையோடு அதட்டினார்: "நாளைக்கும் அணைக்குக் கீழயே போடுங்கம்மா. விளையாட்டுப் பக்கத்துல தூக்கிப் போட்டுடாதீங்க, அங்கெல்லாம் நாங்க போறதில்ல."

அரிவாளும் ஜெர்சியும்

இவ்வளவு போன் வந்ததும் ராகவனே இறங்கி வந்தார். "படத்தோட அரைப் பக்கம் கொடுங்கக்கா." போட்டி முடிந்து செல்வி ஊருக்கு வந்திருந்தாள். புகைப்படக்காரர் பாஸ்கரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு மனதில் ஒரு படம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஏழைப் பெண், பச்சை வயல், முழங்கால் வரை சேறு, மேலே இந்தியா ஜெர்சி, ஒரு கையில் பந்து. இன்னொரு கைக்குத்தான் யாரிடமோ அரிவாள் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

செல்வி அதிகம் பேசாத பெண், பேப்பரில் வந்த விரல் கதையை நான் சொன்னபோதும் லேசாகச் சிரித்ததோடு சரி. கோட்டின்மேல் பந்தை மறித்தவள் என்று நம்பவே முடியாது, அத்தனை சாது. பந்தை வாங்கிக்கொண்டாள், அரிவாளை வாங்கவில்லை. நட்டுப் பத்து நாள்கூட ஆகாத பயிரைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். "அண்ணே, இது நடவு முடிஞ்ச வயலு, இதுல எதை அறுக்கறது? அந்த விரல் வீங்குன கிரிக்கெட்காரர் கையிலயும் இதைக் கொடுத்துப் படம் எடுத்துட்டு வாங்க, அப்புறமா நான் புடிக்கிறேன்."

கிராம சபை

பாஸ்கர் கடைசியில் திடலில் எடுத்த படம்தான் வந்தது. பிள்ளைகளோடு ஆடும்போது செல்வி சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிறாள், பாதி முகம் புழுதி. அதைப் பேப்பரில் பார்த்தபோது, இத்தனை வருஷம் இந்த உத்தியோகத்தில் வாங்கிய ஏச்செல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

ஆகஸ்ட் பதினைந்தும் வந்தது. செல்வி பயிற்சி முகாமுக்குத் திரும்பிவிட்டாள். திடலில் கூடிய சபையில் பெரிய விவசாயி கோவிந்தராஜன் எடுத்த எடுப்பிலேயே, "நெல்லு நனைஞ்சா பேப்பர்காரங்க வந்து காயவைப்பாங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் பந்தைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அந்த அரைப் பக்கத்தைப் பிரித்துத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு மேல இந்தத் திடல்ல கை வச்சா, நாளைக்கு அணைக்குக் கீழ என் பேருதான் வரும்" என்றார். சபையே சிரித்துவிட்டது. லாரி வந்து திரும்ப வசதியாக வாய்க்கால் ரோட்டு ஓரம் கிடக்கும் தரிசில் கொட்டகை கட்டுவது என்று தீர்மானம் ஆனது. கோவிந்தராஜன் விடுவாரா? "கொட்டகை எழும்புறதுக்குள்ள குறுவை அறுப்பு வந்துடுமே, அந்த மூட்டையெல்லாம் எங்க போறது?" என்றார். அஞ்சம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார்: "நனைஞ்ச நெல்லுல என் நெல்லும்தாங்க கெடந்துச்சு. இந்த ஒரு வருஷம் மூட்டையைத் திடலைச் சுத்தி ஓரமா அடுக்கி, மேல தார்ப்பாய் போட்டுக்குவோம். புள்ளைங்க நடுவுல ஆடட்டும், நாம மூட்டை மேல உக்காந்து பாப்போம்."

அடுத்து வந்த பேப்பரில் "சேந்தங்கரை கொள்முதல் நிலையத்துக்குப் புதிய இடம்" என்று பெரிதாக வந்திருந்தது. திடலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ராகவனைப் பிடித்து உலுக்கினேன். "அவசரப்படாதீங்கக்கா, அணைக்குக் கீழ பாருங்க" என்றார். பார்த்தேன், "சேந்தங்கரையில் கால்பந்துத் திடல் தப்பியது" என்று ஒரே ஒரு வரி.

ஆக, மேட்டூரில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, அணை நிலவரம் என்று ஒரு பெட்டி இருக்கிற வரைக்கும் இந்தியப் பெண்கள் அணிக்கு எங்கள் பேப்பரில் இடம் உண்டு.