ஆந்தைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

லென்ஸ் வாடகைக்கு விடும் தொழிலில் வாடிக்கையாளர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது ஒன்று, அவரால் தூக்க முடிவது வேறொன்று. ராபர்ட்சன்பேட்டையில் பாஸ்போர்ட் போட்டோவுக்காகத் திறந்த என் ஸ்டுடியோவில் இப்போது பறவைக்காரர்கள் கூட்டம்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பெங்களூரிலிருந்து வந்து இறங்குகிறார்கள். பாதிப் பேர் பேத்தமங்கலம் ஏரிக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் சயனைடு மேட்டுக்கு. சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண்மலை அது. மழை அரித்த அதன் பள்ளம் ஒன்றில் கொம்பன் ஆந்தை ஜோடி குடியிருக்கிறது. இருநூறு மில்லிமீட்டரா, நானூறா, அறுநூறா என்று குழம்பி, கடைசியில் கழுத்து பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் சக பாவப்பட்டவர்களே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளின் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

அறுநூறு என்றால்

பென்ஷன் விஷயமாகப் போட்டோ எடுக்க முனுசாமி மாமா வந்திருந்தார். சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஆள் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். மேஜையில் இருந்த நீண்ட லென்ஸை ஒரு விரலால் தட்டிப் பார்த்து, "இது எத்தினி?" என்றார். அறுநூறு என்றேன். அறுநூறு அடி தூரம்வரை எடுக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அது தூரக் கணக்கு இல்லை, எண் கூடக் கூட எட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், ஆனால் சுற்றி இருப்பதெல்லாம் படத்தை விட்டுப் போய்விடும் என்று விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து அனுதாபத்தோடு சொன்னார்: "அறுநூறு அடி ஒரு தூரமாம்மா? கேஜு அவ்ளோ எறங்கறதுக்குள்ள நான் வெத்தலைக்கு சுண்ணாம்பு கூட தடவி முடிச்சிருக்க மாட்டேன்."

மூக்கு மட்டும்

இருப்பதிலேயே பெரியது வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் அடம்பிடித்தார். ஏரிக்குத்தானே போகிறீர்கள், கூழைக்கடா கரை ஓரமாகவே வரும், நூறு-நானூறு ஜூம் போதும் என்று மன்றாடினேன். சின்ன லென்ஸைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்பதுபோல முறைத்தார். ஜூமே இல்லாத அறுநூறை, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் திரும்பினார். படங்களைப் பார்த்தேன். முதல் படத்தில் ஒரு மூக்கு. இரண்டாவதில் மூக்கின் பை. மூன்றாவதில் ஒரு கண், அதுவும் பாதி. ஏழெட்டுக் கூழைக்கடாக்கள் அவர் எதிரிலேயே மிதந்திருக்கின்றன. ஒன்றுகூட முழுசாகச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் மட்டும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மேடம், பறவை முழுசா வர்ற மாதிரி லென்ஸ் இருந்தா அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பீங்களா?"

நான் கொடுத்த லென்ஸ்

இதைச் சொல்லச் சிரிப்பு வராது. பூதிகோட்டையிலிருந்து சேகர் வந்தார். கல்யாணம் எடுக்கிறவர், நாற்பது வயது, கை சுத்தமான தொழில்காரர். மேட்டில் ஆந்தை உட்கார்ந்திருக்கிறதாமே, எடுக்க வேண்டும் என்றார். என்னிடம் இருந்த இரண்டு அறுநூறும் அன்று ஏரிக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்தது எழுபது-இருநூறு. மணமேடைக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ஆந்தைக்கு அது பத்தாது என்று எனக்குத் தெரியும். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார். முதல் படத்தில் ஆந்தை கொம்பை விறைத்துக்கொண்டு அவரையே பார்க்கிறது. அடுத்ததில் ஆந்தை இல்லை. அதற்கடுத்ததில் உச்சி வெயிலில், வெறும் மண்ணில், மூன்று வெள்ளை முட்டைகள். துல்லியமான படம். அவ்வளவு கிட்டே ஏன் போனீர்கள் என்று கத்திவிட்டேன்.

மறுநாள் அறுநூறை மாட்டிக்கொண்டு எதிர் மேட்டிலிருந்து பார்த்தேன். இரண்டு காக்கை இருந்தது. முட்டையோட்டுச் சில்லு இருந்தது. ஆந்தை இல்லை. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆந்தை பறந்தது மட்டும் காரணமில்லை; சேகர் அன்று திட்டு வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனதும்தான்: "நீங்க குட்த லென்ஸுக்கு அவ்ளோ கிட்ட போனாதானேக்கா வருது?"

வாச்மேன் வேலை

அதன்பிறகு ஒரு சட்டம் போட்டேன். ஆந்தைக்குப் போகிறவருக்கு அறுநூறு இல்லையென்றால் எதுவுமே இல்லை. அதுவும் எதிர் மேட்டில் நின்றுதான் எடுக்க வேண்டும், இறங்கக் கூடாது. இருநூறை ஷெல்ஃபில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறாயே என்று சண்டை போட்டவர்கள் உண்டு. கிட்டே போனால் கடித்துவிடுமா என்று கேட்டவரும் உண்டு. வராமலே நின்றுவிட்டவர்களும் உண்டு. அந்த வருஷம் முழுக்கப் பள்ளம் காலியாகவே கிடந்தது. திரும்பி வருமா என்று வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

என் வீட்டுக்காரர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு சேருகிறவர். ஒரு சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டார். நான் ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதை வாசலில் நின்று முழுசாகக் கேட்டார். உள்ளே வந்து பையை வைத்தார். "இன்னாமே, கட நடத்துறியா, இல்ல காலியா கீற ஊட்டுக்கு வாச்மேன் வேல பாக்கிறியா?"

இந்த வருஷம்

பொங்கல் கழிந்து சேகரே வந்தார். மேட்டில் மறுபடியும் ஜோடி தெரிகிறது என்று யாரோ சொன்னார்களாம். நானும் பார்த்திருந்தேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. அவராகவே அறுநூறைக் கேட்டார், கூடவே ட்ரைபாடும். இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று முழுக்க எதிர் மேட்டில் உட்கார்ந்திருக்கிறார். வெயில் ஏறியதும் கானல் எழும்பி, பாதிப் படம் தண்ணீருக்குள் எடுத்தது மாதிரி கலங்கியிருந்தது. ஆந்தை படத்தில் நெல்லிக்காய் அளவுதான். பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் வயிற்றுக்கடியில் பஞ்சு மாதிரி இரண்டு தலைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. கல்யாண ஆல்பத்தில் இப்படி ஒரு படம் கொடுத்தால் பெண் வீட்டார் கேமராவைப் பிடுங்கிக்கொள்வார்கள். சேகரோ, அவர் எடுத்ததிலேயே பெரிய படம் அதுதான் என்பதுபோலக் கேமராவை என் பக்கம் திருப்பிப் பிடித்தபடியே சொன்னார்: "காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தேங்க்கா, ஒரு தபா கூட அது என்ன திரும்பிப் பாக்கல."

பறவை நம்மைத் திரும்பிப் பார்க்காத அளவுக்கு நீளமாகவும், நம் கழுத்து நம்மைத் திட்டாத அளவுக்கு லேசாகவும் ஒரு லென்ஸை எந்தக் கம்பெனியாவது செய்யும்வரை, நீங்கள் தைலம் தடவிக்கொள்ளுங்கள், நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.