பத்மாவின் எண்ணெய் டின்

1. லாரி லேட்டான காலை

குரோ பேக்கைக் கிழிக்காமல் மரத்தைக் குழியில் இறக்காதே. புதிதாக வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் முதல் நாளே நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. சாலையோர மரம் நடும் காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நானே கிழிக்காமல் இறக்கிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் நர்சரியிலிருந்து வரும் மரங்கள் தடித்த கறுப்பு பிளாஸ்டிக் பையோடு வரும். அதைத்தான் குரோ பேக் என்போம். குழியில் இறக்குமுன் கத்தியால் கிழித்து உருவிவிட வேண்டும். கிழிக்காவிட்டால் வேர் வெளியே போக வழியிருக்காது, ஊற்றுகிற தண்ணீரும் சரியாக வடியாது. மொத்தத்தில் கால்மணி நேர வேலை.

அன்றைக்கு அந்தக் கால்மணி நேரம் என்னிடம் இல்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி புளோக்கின் முன், நடைபாதை ஓரத்தில் ஒரு சரக்கொன்றை நட வேண்டும். குடியிருப்பாளர்களே கேட்டு வாங்கிய மரம் அது. ஒன்பது மணிக்கு விழா. மர லாரி எல்லையில் உட்லண்ட்ஸ் செக்பாயிண்டில் மாட்டிக்கொண்டு எட்டே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தது. நாற்காலி போட்டாகிவிட்டது, மைக் டெஸ்டிங்கும் முடிந்துவிட்டது. எனக்கு வியர்த்து ஊற்றியது.

கருப்பையா கத்தியோடு வந்து நின்றார். புதுக்கோட்டைக்காரர், பத்து வருடமாக என்னோடு வேலை பார்த்தவர்.

"அண்ணே, பைய கிழிச்சிரவா?"

"இப்பக் கிழிச்சா மண்ணு உதிர்ந்து மரம் சாஞ்சிரும். கெஸ்ட் முன்னாடி அசிங்கமாயிரும். அப்படியே எறக்குங்க, ஃபங்ஷன் முடிஞ்சதும் தூக்கிக் கிழிச்சுக்கலாம்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கினார். விழா பத்தரைக்கு முடிந்தது. கிரேன் லாரி பதினொரு மணிக்கு அடுத்த வேலைக்கு செங்காங்கில் இருந்தாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அந்த நாளை வரவே இல்லை.

2. கைராசிக்காரர்

விருந்தினர் ஒரு கரண்டி மண் போட்டார், படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் இருந்தவர்கள் ஒரு அம்மாவை முன்னால் தள்ளினார்கள். "பத்மா போடட்டும் லா, அவங்க கை ராசியான கை!"

பத்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்து உணவங்காடியில் ஒரு தோசைக்கடையில் வேலை. அந்த புளோக்கில் யார் தொட்டி வாங்கினாலும் முதல் செடியை ஊன்ற பத்மாவைத்தான் கூப்பிடுவார்களாம். அவர் வீட்டு வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடி ஆள் உயரம். மாடி முழுக்க அதிலிருந்துதான் இலை பறித்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே மண்ணைப் போட்டவர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, நட்ட புதுசுல கைப்புள்ள மாதிரி பாத்துக்கணும். காலைத் தண்ணி நானே ஊத்திடுறேன், என் பேர எழுதிக்குங்க."

அன்றிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் தினமும் இரண்டு டின் தண்ணீர் ஊற்றினார். தோசைக்கடையில் தீர்ந்துபோன ஐந்து லிட்டர் எண்ணெய் டின்கள் அவை. கையோடு டின்னும் மரமுமாக ஒரு போட்டோ எடுத்து, மரத்துக்கென்று வைத்திருந்த வாட்ஸப் குழுவில் போடுவார். "இன்னிக்கு ரெண்டு இலை புதுசு." நானும் கட்டைவிரலை உயர்த்தி அனுப்புவேன். ஒவ்வொரு போட்டோவிலும் எனக்கு அந்தப் பை ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். தள்ளிப்போட்டேன்.

3. ஒரு வரி

நான்காவது மாதம் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. பத்மா போன் செய்தார்.

"அண்ணே, தண்ணி பத்தலையோ?"

வேரழுகலுக்கும் இலை மஞ்சளாகும், தாகத்துக்கும் மஞ்சளாகும். எது என்று எனக்குத் தெரியாதா? போய்த் தோண்டினால் பை வெளியே வந்துவிடும். "மூணு டின்னா ஊத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அவர் மூன்று டின் ஊற்றினார். ஒரே மாதத்தில் மரம் மொட்டையாகிவிட்டது.

பாஸ் கூப்பிட்டார்.

"சேகர், மெயிண்டனன்ஸ் பீரியட்ல மரம் செத்தா நம்ம பேர்ல பிளாக் மார்க் லா. தண்ணி ஊத்துனது யாரு?"

நான் பத்மாவின் போட்டோவைத் திறந்து போனை நீட்டினேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எண்ணெய் டின்தானே? அப்புறம் என்னய்யா, அதையே எழுதிக் குடு."

'குடியிருப்பாளர் ஊற்றிய நீரில் எண்ணெய், சோப்புக் கலப்பு.' ஒரே வரி. நானே டைப் செய்து, நானே கையெழுத்துப் போட்டேன்.

குடியிருப்பாளர் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லோரும் திரும்பி பத்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, "மூணு தடவ கொதிதண்ணி ஊத்திக் கழுவித்தானேண்ணே கொண்டு வந்தேன்" என்றார். கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கையிலிருந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

4. நாற்றம்

செத்த மரத்தைப் பிடுங்கியபோது வேர்க்கட்டு பையோடு முழுசாக வந்தது. கருப்பையா பையைக் கிழித்தார். வேரெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. சாக்கடை நாற்றம்.

"அண்ணே, அந்தம்மா மேல தப்பில்லைன்னு சொல்லிருவோமே."

"பைய லாரில போடுங்க" என்றேன். அதற்குப் பிறகு கருப்பையா என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

புது மரத்தின் பையை நானே கிழித்தேன். அனுமதியில்லாமல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று ஒரு பலகையும் மாட்டினார்கள். தண்ணீர் ஊற்றுபவர்கள் பட்டியலில் பத்மாவின் பேர் இல்லை.

5. சொல்லப் போன இடம்

பல வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகுதான் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்வதுகூடத் தப்பு, என்னை வேலையை விட்டுத் தூக்க இனி யாருமில்லை, அவ்வளவுதான். கூட்டமில்லாத ஒரு மத்தியான வேளையில் தோசைக்கடைக்குப் போனேன். பத்மா கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். பை, லாரி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"யாரும் என்ன நேரா ஒண்ணும் சொல்லலண்ணே. ஆனா அப்புறம் செடி வைக்க ஒருத்தரும் கூப்பிடல. போகப் போக நானே நம்பிட்டேன். அந்தக் கறிவேப்பிலையும் என் கையால செத்துப்போயிடக் கூடாதுன்னு தெரிஞ்சவங்ககிட்ட தூக்கிக் குடுத்துட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அன்னிக்குக் கூட்டத்துல உக்காந்து கேட்டாங்கல்ல, அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்பாளர்கள் மரத்துக்கு உரம் போடக் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஏழு பேர் இருந்தார்கள். தப்பு என்னுடையது, பத்மாவுடையது அல்ல என்றேன். ஒருவர் மரியாதைக்குத் தலையாட்டினார். இன்னொருவர், "எந்த மரம்? இதுக்கு முன்னால இங்க மரம் இருந்துச்சா?" என்றார். கையில் உரப்பையோடு நின்ற ஒரு பெண், "பத்மாவா, அது யாரு லா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பாதிப் பேர் புதிதாகக் குடிவந்தவர்கள். மீதிப் பேர் மறந்தே போயிருந்தார்கள். இத்தனை வருடமும் அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டிருந்தது பத்மா மட்டும்தான்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன்.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"நம்புனாங்களா?"

"எல்லாரும் நம்புனாங்க" என்றேன். இதுவும் நான் எழுதிக்கொடுத்த இன்னொரு ரிப்போர்ட்தான்.

பத்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கையைத் துணியில் துடைத்துவிட்டு, "அப்ப இனிமே செடி வைக்கக் கூப்பிடுவாங்களாண்ணே?" என்று கேட்டார். காப்பித் தண்ணி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பையைக் கிழித்துவிட்டு இறக்குங்கள். கிழிக்காமல் இறக்கிவிட்டீர்கள் என்றால், அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லப் போனபோது, அதைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.