ஆறு வீட்டுச் சாவி

ருக்மிணி வேலையை நிறுத்தவில்லை. வேலைக்குப் போவதைத்தான் நிறுத்தியிருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தரும் வேலை. 2003இல், பெங்களூர் இந்திராநகர் அலுவலகத்தைச் சுருக்குகிறோம் என்று ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கொடுத்து வீட்டிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். பஸ் நெரிசல் இல்லை, மத்தியானம் சுடுசோறு என்று அவளும் சந்தோஷமாகத்தான் அதை லிங்கராஜபுரத்து வீட்டில் இறக்கி வைத்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு மழைக்காலம் தாங்கியது.

எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை அது. எல்லோரும் காலையில் கிளம்பிப் போகிறவர்கள். முதலில் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, கார்மென்ட்ஸுக்குப் போகிற வழியில் ஜன்னலுக்குள் சாவியை நீட்டினாள். "நீ வூட்லதானே கீறே ருக்மிணி. பசங்க வந்தா குடுத்துடு, ஸ்வல்ப வேலதான்." அப்புறம் ஒவ்வொருவராக நீட்டினார்கள். சுவரில் ஆறு ஆணி, ஆறு சாவி. சாவியோடு கேஸ் சிலிண்டரும் கூரியரும் வந்து சேர்ந்தன. காதில் மாட்டியதைக் கழற்றி, கதவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி மாட்டுவதற்குள் டாக்டர் எங்கே நிறுத்தினார் என்பது மறந்துபோகும்.

கணவன் சந்திரசேகரன் பீனியா ஃபேக்டரியிலிருந்து வந்ததும், "நாள் பூரா வீட்லதானே இருந்தே, இந்தத் துணிய மடிச்சி வெச்சிருக்கக் கூடாதா?" என்பான். கெட்ட மனுஷன் இல்லை. பஸ் ஏறிப் போனால்தான் வேலை என்று நினைக்கிற நல்ல மனுஷன். ஏழாவது படிக்கும் மகள் மகா ஏதாவது கேட்டால் ருக்மிணியிடமிருந்து ஒரு சொல்லில் பதில் வரும். அதற்கு மேல் வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. குளியல் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. தட்டு கீபோர்டுக்குப் பக்கத்துக்கே வந்துவிட்டது. காரணமில்லாமல் அழுகை வந்தது. அதை வெங்காயம் நறுக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டாள். அப்போது யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இளவேனில் போன் செய்தாள். ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்க அலுவலகத்தில் மிச்சம் வைத்திருந்த நாலு பேரில் ஒருத்தி. ருக்மிணி அவளை நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, காலைல ஒரு முட்டி வலி ரிப்போர்ட். நீங்கதானே பண்ணீங்க?"

"ஆமாம்மா. எங்கயாவது கோடு விட்டுட்டனா?" வார்த்தை புரியாத இடத்தில் கோடு விடுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

"கோடு விட்டிருந்தா பரவால்லையேக்கா. இல்லாதத சேத்திருக்கீங்க. 'நோயாளி பதினோரு நாளா வீட்ட விட்டு வெளிய போகல, காரணமில்லாம அழறார்'னு இருக்கு. மூணு வாட்டி ஆடியோ கேட்டுட்டேன். டாக்டர் அப்படி ஒண்ணுமே சொல்லல. அந்த ஆளு மீன் பிடிக்கப் போயி வழுக்கி விழுந்தாராம்."

ருக்மிணி ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். முட்டி வீக்கத்துக்கும் மாத்திரைக்கும் நடுவில் அந்த இரண்டு வரிகள், கமா கூடத் தப்பாமல் உட்கார்ந்திருந்தன. தட்டியது நினைவில்லை. காலண்டரைப் பார்த்தாள். மகாவின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தது போன சனிக்கு முந்தின சனி. நேற்று வரை எண்ணினால் பதினோரு நாள்.

"வேற பேஷண்ட்டுது கலந்துடுச்சா? யாருதுக்கா இது?"

கலந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "என்னுதும்மா," என்றாள் ருக்மிணி.

இளவேனில் குரலைத் தாழ்த்தினாள். "உங்க பேர்ல எரர் போடாம இருக்க முடியாதுக்கா. இது ரெண்டாவது. இன்னொண்ணு வந்தா கம்ப்யூட்டர எடுத்துப்பாங்க, வேலையும் போயிடும்." பிறகு, "மிச்ச ரெண்டு ஃபைல நான் முடிச்சிக்கறேன். நீங்க எங்கயாவது வெளிய போய்ட்டு வாங்க," என்றாள்.

ருக்மிணி குளித்துப் புடவை கட்டினாள். பூட்டை எடுத்த பிறகுதான் அவள் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பது உறைத்தது. ஊரார் வீட்டுச் சாவி ஆறும் கண்ணெதிரே தொங்கின. அரிசி டின், அலமாரி, சாமி படத்தின் பின்புறம் எல்லாம் தேடினாள். கடைசியில் பழைய ஆபீஸ் கைப்பையில், காலாவதியான பஸ் பாஸுக்கு அடியில் கிடைத்தது. பையில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறினாள்.

பாதி வழியில்தான் ஆணிச் சாவிகள் ஞாபகம் வந்தது. பசங்கள் வரும் நேரம். இறங்கித் திரும்ப வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் ஜன்னலோரம் காற்று அடித்தது, பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் முருங்கைக்காய் விலையைத் திட்டிக்கொண்டு வந்தாள். இறங்க மனசு வரவில்லை.

சிவாஜிநகரைச் சுற்றிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் திரும்பியபோது வரிசை முழுக்க அவள் வாசலில் உட்கார்ந்திருந்தது. மகாவும் பள்ளிக்கூடப் பையோடு இருந்தாள்.

"எங்கடி போய்ட்டே?" சந்திரம்மா எழுந்து வந்தாள். "ஒன்ன நம்பி சாவியக் குட்த்தா இப்டியா பண்ணுவே? பசங்க பசியில கீது. நீ வூட்லதானே இருப்பே!"

ருக்மிணி அத்தனை பேர் நடுவில், வெங்காயம் எதுவும் இல்லாமல், அழுதுவிட்டாள்.

"ஏ, இன்னாடி? நான் திட்னதுக்கா?"

"இல்லக்கா. வூட்லயே இருந்து இருந்து எனக்கு என்னமோ ஆயிடுச்சிக்கா. பயமா இருக்கு."

கதவு திறந்ததும் சந்திரம்மா உள்ளே போய்த் தன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "பெரியவன் கழுத்துல மாட்டி உட்டுர்றேன். ஒனக்கு எதுக்குடி இந்தத் தொந்தரவு," என்றாள்.

எரர் அவள் பேரில் ஏறியது. மறுநாள் காலையிலும் இரண்டு சாவிகள் ஜன்னலில் நீண்டன. அலுப்பும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் ருக்மிணி எட்டே முக்காலுக்குத் தலைவாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு, பூட்டோடு வாசலுக்கு வந்தாள். பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய், திரும்பி வந்து, கதவைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதாகத் திட்டம்.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த சந்திரசேகரன் நிமிர்ந்தான். "எங்க கெளம்பிட்டே?"

"வேலைக்கு."

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வழியை விட்டு நகர்ந்து நின்றான்.